காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த உண்ணி

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறோம். காட்டை ஒட்டிய இந்த வீட்டுக்குக் குளிர்காலத்தில்தான் குடிவந்தோம். 6 வயதில் மகன், 11 வயதில் மகள், ஒரு நாய். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை மாலை மகனைக் குளிப்பாட்டும்போது அவன் காதுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. துடைத்தேன், போகவில்லை. உற்றுப் பார்த்தால் கால்கள் அசைகின்றன. என் கணவர் நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டார். கொஞ்சம் தோலிலேயே தங்கிவிட்டதோ என்று சந்தேகம். முந்தின நாள் பிற்பகல் தோட்டத்துக் கல்சுவர் பக்கம் விளையாடினான். வெள்ளி இரவு தலை குளிப்பாட்டியபோது அங்கே ஒன்றும் இல்லை. மறுநாள் அந்த இடம் சிவந்திருந்தது. டாக்டரிடம் ஓடினோம். ரத்தப் பரிசோதனை இப்போது வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், ஒரு மாதம் கவனியுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இது சரியா? அடுத்த முறை உண்ணியின் மேல் எண்ணெய் ஊற்று, தானாக விழும் என்கிறார் மாமியார். நெயில் பாலிஷ் தடவு என்கிறாள் தோழி. நாயைப் படுக்கையில் விடலாமா? மகள் ஜூலையில் கோடை முகாமுக்குப் போக வேண்டும், அனுப்பவே பயமாக இருக்கிறது. நான் அளவுக்கு மீறிப் பதறுகிறேனோ என்றும் தோன்றுகிறது.

பதில்: முதலில் மகன் விஷயம். உங்கள் டாக்டர் செய்தது சரி. பரிசோதனை வேண்டாம் என்றதும் சரி, மாத்திரை தராததும் சரி. ஆனால் ஏன் என்பதை அவர் இரண்டு நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் நீங்கள் தூக்கம் கெட்டு இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள். அந்த இரண்டு நிமிட வேலையை நான் செய்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உண்ணி கடித்தால் லைம் நோய், அதாவது உண்ணி மூலம் பரவும் ஒரு பாக்டீரியாத் தொற்று, வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உலகில் சுமார் 900 வகை உண்ணிகள் உண்டு. லைம் நோயைப் பரப்புபவை அவற்றில் மிகச் சில. உங்கள் பக்கத்தில் அது கறுப்புக்கால் உண்ணி, மான் உண்ணி என்றும் சொல்வார்கள். அதிலும் எல்லா உண்ணிக்குள்ளும் கிருமி இருப்பதில்லை. முட்டையிலிருந்து வெளிவரும்போது எந்த உண்ணியிடமும் லைம் கிருமி கிடையாது. முதல் வேளை ரத்தத்தை அது பெரும்பாலும் எலியிடம் குடிக்கிறது. கிழக்கு அமெரிக்கக் காடுகளில் வெள்ளைக்கால் எலிதான் கிருமியின் முக்கியமான இருப்பிடம். அந்த எலியிடம் வாங்கிய கிருமியைத்தான் உண்ணி அடுத்த வருடம் நம்மிடம் கொண்டுவருகிறது. மானின் மேல் பழி விழுந்துவிட்டது. உண்மையில் மான் வளர்ந்த உண்ணிக்குச் சோறு போட்டு அதன் எண்ணிக்கையைப் பெருக்குகிறதே தவிர, கிருமியை உண்ணிக்குக் கொடுப்பதில்லை.

சரி, கிருமி உள்ள உண்ணியே கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் பக்கம் நேரம் இருக்கிறது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகிற மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். லைம் கிருமி உண்ணியின் குடலில் உறங்கிக் கிடக்கிறது. சூடான ரத்தம் உள்ளே வந்த பிறகுதான் விழிக்கிறது, பெருகுகிறது, தன் மேலுறைப் புரதத்தை மாற்றிக்கொள்கிறது, குடல் சுவரைத் தாண்டி எச்சில் சுரப்பிக்கு நகர்கிறது. அங்கிருந்துதான் நம் உடம்புக்குள் வர முடியும். இவ்வளவும் நடக்கப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் லைம் வரும் வாய்ப்பு மிகவும் குறைவு. 36 மணி நேரத்தைத் தாண்டினால்தான் கவலைப்பட வேண்டிய அளவுக்கு ஏறுகிறது.

உங்கள் மகன் சனி பிற்பகல் விளையாடினான், ஞாயிறு மாலை உண்ணி வெளியே வந்துவிட்டது. எப்படிப் பார்த்தாலும் 30 மணி நேரத்துக்குள்தான். நீங்கள் வெள்ளி இரவையும் நினைவில் வைத்துச் சொன்னது ரொம்ப உதவி. டாக்டருக்கு இப்படிப்பட்ட விவரம்தான் வேண்டும். பலர் உண்ணியைப் பற்றி எல்லாம் சொல்வார்கள், எப்போது ஒட்டியிருக்கும் என்று கேட்டால் விழிப்பார்கள்.

மாத்திரை ஏன் தரவில்லை? உண்ணி கடித்த பிறகு நோய் வராமல் தடுக்க டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரே ஒரு வேளை கொடுக்கும் வழக்கம் உண்டு. பெரியவர்களுக்கு 200 மில்லிகிராம். குழந்தைகளுக்கு எடைக்கு ஏற்றபடி. அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. லைம் அதிகமுள்ள பகுதியாக இருக்க வேண்டும், கடித்தது கறுப்புக்கால் உண்ணியாக இருக்க வேண்டும், 36 மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும், எடுத்த 72 மணி நேரத்துக்குள் மருந்து போக வேண்டும். உங்கள் மாநிலம் முதல் நிபந்தனைக்குப் பொருந்தும். ஒட்டியிருந்த நேரம் பொருந்தவில்லை. அதனால் தரவில்லை. சின்னப் பிள்ளைக்கு டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறையாகும் என்று யாராவது பயமுறுத்தியிருந்தால், அது பழைய கவலை. குறுகிய நாட்களுக்கு எந்த வயதுக் குழந்தைக்கும் தரலாம் என்பதுதான் இப்போது குழந்தை மருத்துவர்கள் எடுத்திருக்கும் நிலை. நாளைக்கே தேவைப்பட்டு டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்தக் காரணத்துக்காக மறுக்க வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை வேண்டாம் என்றதற்குக் காரணம் இன்னும் எளிது. அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அது உண்டாகச் சில வாரங்கள் வேண்டும். கடித்த மறுநாள் எடுத்தால் ‘இல்லை’ என்றுதான் வரும், வரப்போகிற நோயே இருந்தாலும். அந்த ‘இல்லை’யை நம்பி நீங்கள் கவனிப்பதை விட்டுவிட்டால் கெடுதல்தான். அதே போல, எடுத்த உண்ணியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் சேவைகளும் இருக்கின்றன. நான் சிபாரிசு செய்வதில்லை. உண்ணியில் கிருமி இருந்தால் அது உங்கள் மகனுக்குள் போயிற்று என்று பொருளில்லை. இல்லாவிட்டால், கண்ணில் படாத இன்னொரு உண்ணி கடிக்கவில்லை என்றும் பொருளில்லை.

இனி அந்தச் சிவப்பு. கடித்த ஓரிரு நாளில் வரும் சின்னச் சிவப்பு உண்ணியின் எச்சிலுக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு, கொசுக்கடித் தடிப்பு மாதிரி. ஒரு நாணய அளவுக்குள் நிற்கும், கொஞ்சம் அரிக்கும், ஓரிரு நாளில் மங்கும். லைம் நோயின் தடிப்பு வேறு. அது கடித்து 3 நாள் முதல் 30 நாளுக்குள், சராசரியாக ஒரு வாரத்தில் வருகிறது. நாளுக்கு நாள் விரிகிறது. 5 சென்டிமீட்டரைத் தாண்டிப் படரும், சில பேருக்கு ஓர் அடிக்கும் மேல். தொட்டால் லேசாகச் சூடாக இருக்கலாம். அரிப்போ வலியோ பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் முதுகில் வந்தால் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. லைம் வந்தவர்களில் 70 முதல் 80 சதவீதம் பேருக்கு இந்தத் தடிப்பு வருகிறது.

இங்கே நம் போன்ற மாநிறத் தோல்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தத் தடிப்புக்கு எங்கு பார்த்தாலும் ஒரே படம் போடுகிறார்கள்: வெள்ளைத் தோலில் நடுவே சிவப்பு, சுற்றிலும் வெளிர் வளையம், அதைச் சுற்றி மறுபடி சிவப்பு. அம்பு எறியும் இலக்குப் பலகை மாதிரி. முதலாவது, அமெரிக்காவில் வரும் தடிப்புகளில் பெரும்பாலானவை அப்படி வளையம் வளையமாக இருப்பதே இல்லை. ஒரே சீரான நிறத்தில் நீள்வட்டமாக இருக்கும். இரண்டாவது, கறுத்த தோலில் அது சிவப்பாகவே தெரியாமல் போகலாம். பழுப்பு, ஊதா, கன்றிப்போன காயம் போன்ற நிறம் என்று பல விதமாகத் தெரியும். ‘படத்தில் இருப்பது போல இல்லையே’ என்று நாமும் விட்டுவிடுகிறோம், சில டாக்டர்களும் விட்டுவிடுகிறார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள், விரிகிறதா என்று பாருங்கள்.

அதற்கு வழி இதுதான். கடித்த இடத்தில் தெரியும் நிறமாற்றத்தின் ஓரத்தைப் பேனாவால் சுற்றி வரையுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில் கைபேசியில் படம் எடுங்கள். தினமும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில். கோட்டைத் தாண்டி வளர்ந்தால் படங்களோடு டாக்டரிடம் போங்கள். லைம் அதிகமுள்ள பகுதியில் விரியும் தடிப்பைப் பார்த்தாலே டாக்டர் சிகிச்சையைத் தொடங்கலாம். அந்தக் கட்டத்தில் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. தடிப்பு கடித்த இடத்தில்தான் வரும் என்றும் இல்லை. நோய் ரத்தத்தில் கலந்தால் உடம்பில் வேறு சில இடங்களிலும் வரும். அதனால் குளிப்பாட்டும்போது முழு உடம்பையும் பாருங்கள்.

தடிப்பே வராத 20, 30 சதவீதம் பேரை எப்படிக் கண்டுபிடிப்பது? கோடையில், சளி இருமல் எதுவும் இல்லாமல், காய்ச்சல், குளிர், தலைவலி, உடம்பு வலி, சோர்வு வந்தால் சந்தேகப்பட வேண்டும். டாக்டரைப் பார்க்கும்போது ‘ஜூனில் இந்தத் தேதியில் உண்ணி கடித்தது’ என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். அதே உண்ணி அனப்ளாஸ்மோசிஸ், பபேசியோசிஸ் என்று வேறு சில நோய்களையும் பரப்புகிறது. அவற்றில் தடிப்பு இருக்காது, காய்ச்சல்தான் இருக்கும். பொவாசான் என்று ஒரு வைரஸ் இருக்கிறது. அது மட்டும் ஒரு நாள் காத்திருப்பதில்லை, கடித்துச் சில நிமிடங்களிலேயே உள்ளே வரக்கூடியது. மிக அரிது, அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் உண்ணி கடித்த ஒரு மாதத்துக்குள் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கவனிக்காமல் விட்ட லைம் வாரங்கள், மாதங்கள் கழித்து வேறு உருவத்தில் வரும். முகத்தின் ஒரு பக்கம் தொங்கிப்போகும். கழுத்து விறைத்துக் கடுமையான தலைவலி வரும். இதயத் துடிப்பு தடுமாறி மயக்கம் வரும். இது அவசரம், நேரே மருத்துவமனைக்குத்தான். குழந்தைகளுக்கு ஒரு முழங்கால் மட்டும் பூரித்து வீங்கும். வீக்கம் பெரிதாக இருக்கும், அதற்கேற்ற வலி இருக்காது. இவை எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் சிகிச்சை உண்டு. ஆரம்பத் தடிப்பிலேயே பிடித்துவிட்டால் 10 முதல் 14 நாள் வாய்வழி மருந்தில் பெரும்பாலோர் முழுதாகக் குணமாகிறார்கள். சிலருக்குச் சோர்வும் வலியும் சில மாதங்கள் இழுக்கும். அதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் ஏற்றுகிற இடங்களும் இருக்கின்றன, அங்கே போகாதீர்கள். நீண்ட நாள் மருந்தால் பலன் இல்லை என்று ஒன்றுக்கு மேற்பட்ட முறையான ஆய்வுகள் காட்டிவிட்டன. பக்க விளைவுகள் மட்டும் நிஜம்.

அளவுக்கு மீறிப் பதறுகிறேனோ என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே லைம், ஓல்ட் லைம் என்ற ஊர்களில், 1975-ஆம் ஆண்டு வாக்கில், பிள்ளைகளுக்கு மூட்டு வீங்குகிறது என்று தாய்மார்கள் சொன்னார்கள். குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே தெருவில் இத்தனை பேருக்கு எப்படி வரும் என்று பாலி மர்ரே என்ற தாய் விடாமல் கேட்டார், குறித்து வைத்தார். யேல் பல்கலைக்கழகத்து ஆலன் ஸ்டியர் வந்து ஆராய்ந்தது அதன் பிறகுதான். கிருமியை உண்ணிக்குள் கண்டுபிடித்தவர் வில்லி பர்க்டார்ஃபர்; 1982-இல் அது வெளியானது, கிருமிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆக, இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்ததே தாய்மார்கள் பதறியதால்தான். உங்கள் பதற்றத்தை மாலையில் பத்து நிமிட வேலையாக மாற்றிக்கொண்டால் போதும்.

அந்த வேலைக்கு முன், உண்ணியை எடுப்பது எப்படி என்று பார்த்துவிடுவோம். மாமியார் சொன்ன எண்ணெயும் வேண்டாம், தோழி சொன்ன நெயில் பாலிஷும் வேண்டாம், வேறு யாராவது சொல்லப்போகிற வாஸ்லீனும் நெருப்புக்குச்சியும் வேண்டாம். இவையெல்லாம் உண்ணி மூச்சுமுட்டித் தானாக விழும் என்ற எண்ணத்தில் செய்பவை. உண்ணி மிக மெதுவாக மூச்சுவிடுகிற ஜீவன். மூடி வைத்தாலும் மணிக்கணக்கில் தாங்கும். அது விழக் காத்திருக்கும் நேரமெல்லாம் கிருமிக்கு நாம் கொடுக்கும் நேரம். எரிச்சலூட்டினால் வயிற்றில் இருப்பதைக் கடிவாய்க்குள்ளேயே கக்கவும் கூடும். மாமியாரிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

கூர்மையான நுனி உள்ள ட்வீசர் ஒன்று வாங்கி வையுங்கள். புருவம் திருத்தும் தட்டையான நுனி சரிப்படாது. தோலை ஒட்டினாற்போல, உண்ணியின் வாய்ப்பகுதியைப் பிடியுங்கள். வயிற்றைப் பிடித்து அழுத்தக் கூடாது. நேராக மேலே, ஒரே சீராக இழுங்கள். திருகாதீர்கள், வெடுக்கென்று பிடுங்காதீர்கள். சில நொடி இழுத்துப் பிடித்தால் விட்டுவிடும். வாய்ப்பகுதி உடைந்து உள்ளே தங்கினால் சுலபமாக வந்தால் எடுங்கள், வராவிட்டால் விடுங்கள். தோல் தானே தள்ளிவிடும். அதிலிருந்து லைம் வராது, கிருமி இருப்பது உண்ணியின் உடம்பில். உங்கள் கணவர் நகத்தால் கிள்ளியதும் கைகட்டிக் காத்திருந்ததை விட நல்லதுதான். ட்வீசர் பக்கத்தில் இல்லாவிட்டால் தேட நேரம் கடத்தாமல் கையாலாவது எடுத்துவிட வேண்டியதுதான். பிறகு அந்த இடத்தையும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். உண்ணியை விரலால் நசுக்க வேண்டாம். ஒட்டும் டேப்பில் ஒட்டியோ சின்ன ஜிப் பையில் போட்டோ தேதி எழுதி வைத்திருங்கள். எந்த வகை, எவ்வளவு ரத்தம் குடித்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க உதவும். தட்டையாக இருந்தால் ஒட்டி அதிக நேரம் ஆகவில்லை, உப்பியிருந்தால் நேரமாகிவிட்டது.

இப்போது மாலை வேலைக்கு வருகிறேன். மே முதல் ஜூலை வரை உங்கள் பகுதியில் திரிவது இளம் உண்ணி. 2 மில்லிமீட்டருக்கும் குறைவு, கசகசா அளவு. லைம் நோய் பெரும்பாலும் இதனால்தான் வருகிறது, ஏனென்றால் கண்ணுக்குப் படாமல் நாள் கணக்கில் ஒட்டியிருக்க முடிகிறது. அது கடிக்கும்போது வலிக்காது. எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் பொருள் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் வளர்ந்த உண்ணி வரும், அது பெரிது, சீக்கிரம் அகப்பட்டுவிடும். குளிர்காலத்திலும் உறைநிலைக்கு மேல் வெப்பம் ஏறும் நாட்களில் அது நடமாடும் என்பதால் டிசம்பரிலும் முழுதாக மறந்துவிடக் கூடாது.

உண்ணி பறப்பதில்லை, குதிப்பதில்லை, மரத்திலிருந்து தலையில் விழுவதில்லை. புல் நுனியிலோ இலைச் சருகின் மேலோ முன்கால்களை நீட்டிக் காத்திருக்கும். நாம் உரசிப் போனால் தொற்றிக்கொண்டு மேலே ஏறும். ஏறி ஏறி எங்கே தோல் மெல்லிசாக, மறைவாக இருக்கிறதோ அங்கே நிற்கும். ஆகவே பார்க்க வேண்டிய இடங்கள் காது மடலின் பின்புறமும் உள்புறமும், முடிக்குள், கழுத்து முடிக் கோடு, அக்குள், தொப்புள், இடுப்பில் எலாஸ்டிக் படும் இடம், தொடை இடுக்கு, முழங்கால் பின்புறம், கால்விரல் இடுக்கு. தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணை மட்டும் நம்பாதீர்கள், விரல் நுனியால் தடவுங்கள். புதிதாக ஒரு சொரசொரப்பு தட்டுப்பட்டால் விளக்கை எடுங்கள். மச்சம் அதிகமுள்ள பிள்ளைக்கு இது இன்னும் தேவை.

வெளியே போய் வந்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிக்க வையுங்கள். இன்னும் ஒட்டாமல் ஊர்ந்துகொண்டிருக்கும் உண்ணி தண்ணீரோடு போகும், அதோடு உடம்பு முழுக்கப் பார்க்கவும் ஆகும். கனெக்டிகட்டிலேயே லைம் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பலன் காட்டியவை, தோட்டத்துக்குப் போய் வந்ததும் சீக்கிரம் குளிப்பதும் 36 மணி நேரத்துக்குள் உண்ணி பார்ப்பதும். போட்டிருந்த துணியை முதலில் வாஷிங் மெஷினில் போடாதீர்கள், நேரே டிரையரில் போடுங்கள். அதிக சூட்டில் 10 நிமிடம். ஈரம் உண்ணிக்குப் பிடிக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் துவைத்தால் சாகாது. உலர்ந்த சூட்டில் செத்துவிடும். துவைப்பதைப் பிறகு துவைத்துக்கொள்ளலாம்.

தோலில் தடவும் பூச்சிவிரட்டி மருந்துகளில் டீட், பிகாரிடின் இரண்டும் உண்ணிக்கு வேலை செய்பவை. எதை வாங்கினாலும் லேபிளில் உண்ணிக்கு எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். கொசுவுக்கு எழுதியிருக்கும் நேரம் இதற்குப் பொருந்தாது. டீட் 20 முதல் 30 சதவீதம் இருந்தால் போதும். உங்கள் கையில் எடுத்துப் பிள்ளையின் முகத்தில் தடவுங்கள், முகத்தில் நேரே அடிக்காதீர்கள். சின்னவன் உள்ளங்கையில் வேண்டாம், வாயில் வைப்பான். துணிக்கு அடியில் வேண்டாம். சன்ஸ்கிரீன் முதலில், இது அதன் மேல். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் என்று பதிவுபெற்ற ஒரு மருந்தும் உண்டு, 3 வயதுக்குக் கீழ் கூடாது. அதே பெயர் சாயலில் விற்கும் வாசனை எண்ணெய் அது அல்ல. பூண்டு, லெமன்கிராஸ், இன்னபிற இயற்கை எண்ணெய்களை நம்பிக் காட்டுக்குள் போகாதீர்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை பெர்மெத்ரின் என்ற, துணியில் அடிக்கும் பூச்சிக்கொல்லி மேல்தான். 0.5 சதவீத ஸ்பிரேயை ஷூ, சாக்ஸ், பேன்ட் மேல் அடித்து, முழுதாகக் காய்ந்த பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். பல முறை துவைத்தாலும் தாங்கும். தோலில் அடிக்கக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் காயும் வரை பக்கத்தில் விடக் கூடாது, பூனைக்கு அது விஷம். ஷூவுக்கும் சாக்ஸுக்கும் மட்டுமாவது அடித்துவையுங்கள், உண்ணி ஏறத் தொடங்குவதே அங்கேதான். பேன்ட் கால்களை சாக்ஸுக்குள் சொருகச் சொல்லுங்கள். அசிங்கமாக இருக்கிறது என்று மகள் சொல்வாள், ஆனாலும்.

தோட்டத்துக்கு மருந்தடிக்க ஆளைக் கூப்பிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 2016-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் வீட்டுத் தோட்டங்களில் மருந்து அடித்ததில் உண்ணி எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது; ஆனால் அந்த வீட்டுக்காரர்களுக்கு வந்த நோய் குறையவில்லை. அந்தக் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். வெயில் படும் வெட்டிய புல்லில் உண்ணி வறண்டு சாகும். நிழல், சருகு, கல்சுவர், விறகுக் குவியல், எலி ஓடும் இடம், இவைதான் அதன் ஊர். எனவே சருகைக் கூட்டி அகற்றுங்கள். ஊஞ்சலை மர ஓரத்திலிருந்து வெயிலுக்கு நகர்த்துங்கள். புல்வெளிக்கும் காட்டுக்கும் நடுவே மூன்றடி அகலத்துக்கு மரச்சீவலோ சரளைக் கல்லோ பரப்புங்கள். அது உண்ணியைத் தடுப்பதோடு, இதற்கு அப்பால் போகாதே என்று சின்னவனுக்குக் காட்டும் எல்லைக் கோடாகவும் இருக்கும். அந்தக் கல்சுவர் பக்கம் இந்த ஜூன், ஜூலையில் அவன் உட்கார்ந்து விளையாட வேண்டாம்.

நாய். நாயிடமிருந்து நேராக உங்களுக்கு லைம் தொற்றாது. ஆனால் அதன் முடியில் ஏறி வந்த உண்ணி மெத்தையில் இறங்கி உங்களைத் தேடும். கால்நடை மருத்துவரிடம் உண்ணித் தடுப்பு மருந்து கேளுங்கள், மாத்திரையாகவும் கழுத்துப் பட்டையாகவும் வருகிறது. நாய்க்கு லைம் தடுப்பூசியும் இருக்கிறது. மனிதருக்கும் ஒரு தடுப்பூசி 1998-இல் வந்தது. நம் ரத்தத்தில் எதிர்ப்பொருளை உண்டாக்கி, அந்த ரத்தத்தைக் குடிக்கும் உண்ணியின் குடலுக்குள்ளேயே கிருமியைக் கொல்லும் அழகான யோசனை. வாங்க ஆளில்லாமல் 2002-இல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இன்றும் வருத்தம்தான். நாயை வெளியே கூட்டிப்போய் வந்ததும் காதுக்குள், கண் இமை, கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் இடுக்கு, விரல் இடுக்கு, வாலடி என்று தடவிப் பாருங்கள். படுக்கையில் விடுவதா வேண்டாமா என்றால், இந்த இரண்டு மாதம் மட்டுமாவது வேண்டாம் என்பேன். கறுப்புக்கால் உண்ணி வீட்டுக்குள் குடும்பம் நடத்திப் பெருகாது, அதனால் வீடு முழுக்க மருந்தடிக்கத் தேவையில்லை.

மகளை முகாமுக்கு அனுப்புங்கள். உண்ணிப் பயத்தில் கோடை முழுக்க ஒரு பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முகாம்காரர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: தினமும் உண்ணி பார்க்கப் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்குகிறார்களா, உண்ணி எடுத்தால் பெற்றோருக்குச் சொல்கிறார்களா? இரண்டாவதற்கு ‘இல்லை’ என்றால் சொல்லச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். பெட்டியில் பெர்மெத்ரின் அடித்த சாக்ஸ், கைக்கண்ணாடி, ட்வீசர், டேப் வைத்து அனுப்புங்கள். 11 வயதுப் பெண் அம்மா உடம்பைப் பார்ப்பதற்கே கூச்சப்படுவாள், முகாமில் யாரையும் பார்க்க விடமாட்டாள். அதனால் தானே பார்த்துக்கொள்ள இப்போதே பழக்குங்கள். குளியலறையில் தலையிலிருந்து கால் வரை ஒரே வரிசையில், கைக்கண்ணாடியால் பின்பக்கம், மற்றதெல்லாம் விரலால். தலைமுடிக்குள்ளும் முதுகின் நடுவிலும் மட்டும் ஒரு தோழி பார்த்துச் சொல்லட்டும். அகப்பட்டால் பயப்படாமல் முகாம் நர்ஸிடம் உடனே போக வேண்டும், நாளை காலை பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது. இதை மட்டும் அவள் வாயாலேயே ஒரு முறை சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.